வில்லுக்கத்தியின் விலையும் மதிப்பும்

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்திக்கு நம்மவர் வழங்கும் பெயர்கள் சில உண்டு. பேனாக்கத்தி என்பர், மடக்குக்கத்தி என்பர், வில்லுக்கத்தி என்றும் கூறுவர். இவற்றுள் கடைசிப் பெயரே எனக்கு மிக உகந்தது. வில் என்ற சொல் அம்பெய்யும் கருவியை மட்டும் குறிப்பதன்று. வளைத்தால் மீண்டும் தன்னிலைக்குத் திரும்பும் எஃகுத் தகட்டையும் சுருளையுங்கூட நாம் வில் என்றே அழைக்கிறோம். இக்கத்தியின் உயிர் அலகிலே இல்லை, பிடிக்குள் மறைந்திருக்கும் வில்லிலேதான் இருக்கிறது என்பதைப் பெயரிட்டவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தெல்தெனியாவைக் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். மீமுரேக்குப் போகும் பாதை இங்கேதான் பிரிகிறது. நக்கிள்ஸ் மலைகளில் நடக்க வரும் இளைஞர் இவ்விடத்துத் தேநீர்க் கடைகளில் சற்று இளைப்பாறுவது வழக்கம். அப்பொழுது அவர்களுடைய பைகளிலிருந்து வெளிவரும் மடக்குக்கத்திகளையும், அவற்றைப் பற்றி எழும் வாதங்களையும் கேட்டால் வியப்பாக இருக்கும். இரண்டு மணமகளிரின் நகைகளை ஒப்பிடும் உறவினரும் இவ்வளவு நுணுக்கமாகப் பேசமாட்டார்கள்! என் மாணவர் சிலரையும் இந்த ஆசை பற்றியிருக்கிறது.

“சேர், இவற்றில் எது விலை பெறும்?” என்று ஒரு மாணவன் ஒரு நாள் கேட்டான்.

“விலையைக் கடைக்காரரிடம் கேள், தம்பி. மதிப்பைக் கேட்பதானால் கத்தியை என் கையில் கொடு” என்றேன்.

கத்தியைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது அதன் மூட்டு. அலகின் அடிப்பகுதி ஓர் ஆணியில் சுழல்கிறது. பிடியின் முதுகுப்புறத்தில் உள்ள வில் அந்த அடிப்பகுதியை எப்பொழுதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போது அவ்வில் சிறிது எழும்பி, அலகு நேரானவுடன் தனக்குரிய இடத்தில் ‘டக்’ என்று விழுந்து பொருந்தும். அந்த ஓசை தெளிவாக இருக்க வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆணி சரியாக அடிக்கப்படவில்லை என்று அறியலாம். மூடியபின் அலகு பிடியின் நடுவே நிற்க வேண்டும். ஒரு புறம் சாய்ந்து உராய்ந்தால், எத்துணை அழகிய தந்தப் பிடி போட்டிருந்தாலும் அது குறையுள்ள கத்தியே. வில் மிகவும் இறுகியிருந்தால் நகம் பெயரும். தளர்ந்திருந்தால் விரல் வெட்டுப்படும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைக் கண்டுபிடிப்பதே கொல்லனின் திறமை.

இந்த வில்லை வைத்தே சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் பெரும் புகழ் பெற்றார். 1897-ஆம் ஆண்டில் அவர் அமைத்த அதிகாரிகள் கத்தியில், முதுகிலுள்ள அதே வில் இரு புறத்துக் கருவிகளையும் தாங்கிற்று. ஆதலால் கனம் ஏறாமலே கருவிகள் பெருகின. பிரான்சின் சவாய் மலைநாட்டு ஜோசப் ஒப்பினலோ வேறு வழியிற் சென்றார். 1890-இல் அவர் செய்த கத்தியில் வில்லே கிடையாது! ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை, அவ்வளவுதான். திறந்த அலகு கைமேல் மடியாதபடி தடுக்கும் சுழல் வளையம் 1955-ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகு இறுகிக்கொள்ளும் என்பது இதன் குறை. ஆயினும் இவ்வளவு குறைந்த உறுப்புக்களால் இவ்வளவு வேலை செய்யும் பொருளை நான் அதிகம் கண்டதில்லை.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருப்பிடிக்காத எஃகு 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹரி பிரேயர்லியின் ஆய்விலிருந்து எழுந்தது. நமது மலைப்பனிக்கு அது ஏற்றது. ஆனால் பழைய கரி எஃகோ சாணைக்கல்லில் எளிதில் கூர் ஏறும். தேசிக்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப் போகும். துடைப்பவருக்கு அது ஒரு குறையன்று.

கண்டியில் இருந்துகொண்டு கத்தியைப் பற்றி எழுதுபவன் பிஹா கெத்தவை மறந்தால் மன்னிப்புக் கிடையாது. அது மடிக்கும் கத்தியன்று. கண்டிப் பிரதானிகள் இடுப்பில் செருகிய கனத்த கத்தி. அலகின் முதுகோரம் வெள்ளியும் பித்தளையும் இழைத்துக் கொடியோடும். பிடி கொம்பாலோ தந்தத்தாலோ ஆனது. மன்னரின் ‘பட்டல் ஹத்தர’ என்னும் நான்கு தொழிற்சாலைகளைச் சேர்ந்த கைவினைஞரின் பெருமையை, சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்தார். இன்று இக்கத்திகள் கொழும்பிலும் இலண்டனிலும் நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால் நல்ல விலைக்குப் போகின்றன. ஒரு சிறு செய்தி பலர் கண்ணில் படுவதில்லை. இவற்றுள் பலவற்றின் உறையில், கத்திக்கு அருகே எழுத்தாணிக்கும் ஓர் இடம் உண்டு. ஓலையில் எழுதிய நாட்டில் கத்தியும் எழுத்தாணியும் உடன்பிறப்புக்கள் அன்றோ!

அந்த உடன்பிறப்புக்களை ஒரே பிடிக்குள் மடித்து வைத்தவர் தமிழர். மடக்கெழுத்தாணி என்பது அதன் பெயர். பிடியின் ஒரு முனையில் எழுத்தாணி; மறு முனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி. வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியரின் பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்றே பிறந்தது. கடல்கள் பல இடையிருந்தும், எழுதுபவன் தேவை இரு நாட்டுக் கொல்லரையும் ஒரே வகையான மூட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைக் கூறும் இடத்தில் இதனையும் குறிப்பிடுகிறார்.

வெள்ளி இழைத்த பிரதானியின் கத்தி தப்பியது. வாத்தியாரின் மடக்கெழுத்தாணி பெரும்பாலும் தப்பவில்லை. காகிதம் வந்ததும் எழுத்தாணி பயனற்றுப் போயிற்று. கத்தியோ பாக்கு வெட்டித் தேய்ந்திருக்கும். எஞ்சிய இரும்பைப் பழைய சாமான் வாங்குபவன் நிறுத்து எடுத்துச் சென்றிருப்பான். சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர் நமக்கு இருந்தனர். சுவடி எழுதிய கருவியைத் தேடியவர் எத்தனை பேர்? பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு வில்லுக்கத்தி வாங்கும் நம் இளைஞர், தமக்கு உரியதாகிய இதனை ஒரு முறையேனும் கையில் எடுத்துப் பார்த்திருப்பரா என்பது சந்தேகமே.

பாட்டனார் காலத்துப் பெட்டகம் உள்ள வீட்டார் ஏடுகளுக்கு அடியில் சற்றுத் தேடிப் பார்க்கலாம். கைப்பிடி போன்ற ஒரு சிறு கட்டை அகப்பட்டால், அவசரப்பட்டு நெம்பித் திறக்க வேண்டாம். துருவேறிய ஆணி முறிந்துவிடும். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை மூட்டில் இரண்டு துளி விட்டு, ஒரு நாள் அப்படியே வைத்திருங்கள். மறுநாள் மெல்ல அசைத்தால் இடங்கொடுக்கும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள்.