சிநேகிதமும் கைமாற்றும்

கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் வரும் ஜனத்திரளை நம்பிப் பிழைக்கும் ஊர் திருவண்ணாமலை. கடை வைக்கவும் சரக்குப் பிடிக்கவும் சிநேகிதர்களுக்குள் பணம் கைமாறுவது இங்கே சகஜம். பத்திரமில்லை, சாட்சியில்லை, ‘உன்னிடம் எழுதி வாங்குவதா?’ என்னும் முகதாட்சண்யமே எல்லாம். பணம் திரும்பாதபோது ஏமாந்தவர் வாய்மூடி வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். அல்லது இன்ஸ்பெக்டர் அதட்டி வாங்கித் தர வேண்டுமென்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். இரண்டும் தவறென்பது நமது அபிப்பிராயம்.

கடன் வசூலிப்பது போலீஸாரின் வேலையன்று. பழைய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 318-வது பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதேயன்றி விஷயம் மாறவில்லை. பணம் வாங்கும்போதே மோச எண்ணம் இருந்திருக்க வேண்டுமென்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. வாங்கியபின் வியாபாரம் நொடித்தவன் கடனாளியேயன்றி மோசக்காரன் அல்லன். இல்லாத மனையைக் காட்டிப் பணம் பறித்தவன் வேறு ரகம். பத்திரப் பதிவுக்கென்று ஒப்படைத்த தொகையை விழுங்கியவன்மீது நம்பிக்கைத் துரோகத்துக்கான 316-வது பிரிவு பாயும். இத்தகைய பிராதைப் பதிவு செய்யப் போலீஸார் மறுத்தால் ஜில்லா சூப்பரிண்டெண்டுக்கு எழுதி, பின்பு மாஜிஸ்டிரேட்டை அணுகலாம்.

ஆனால் வெறுங் கடனைக் கிரிமினல் பிராதாக்கி அலைகிறவர் இழப்பது காலத்தை. தவணை குறிக்காத கைமாற்றுக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் சிவில் தாவா போட வேண்டுமென்கிறது 1963-ம் வருஷக் காலவரையறைச் சட்டம். ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த நாட்களுக்காக அந்தக் கெடு நிற்பதில்லை. கெடுவுக்குள் கடனாளி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றுமுதல் புதிதாக 3 வருஷம் உண்டு. ஆகவே, சிநேகிதன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கடிதம் எழுதி வாங்குவது, பின்னால் தெருவில் நின்று ஏசுவதைவிட மேல். செல்போனில் வந்த செய்திகளும் உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் சாட்சியமாகும்.

செக் கொடுத்திருந்தால் வழி இன்னும் சுருக்கம். பாங்கியிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்து 30 நாட்களுக்குள் நோட்டீஸ். அது சேர்ந்தபின் 15 நாள் தவணை. அதற்கும் பணம் வராவிடில் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் பிராது. ரொக்கமாக 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டோமே என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அதனால் கடன் செல்லாமற் போகாதென்று 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் அபராதமும் வாங்கியவனுக்கே.

டிக்ரி பெற்றபின்னும், நேர்மையாக இருந்து வறுமையால் கொடுக்க இயலாதவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்வாறு தீர்ப்பளித்தார்; அதில் நமக்கு வருத்தமில்லை. சொத்தை ஒளித்து வைத்திருப்பவன் கதை வேறு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பார்கள். 1987-ம் வருஷச் சட்டப்படி ஜில்லாதோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பாராமலே அங்கு இலவச உதவி கிடைக்கும். இரு தரப்பும் இசைந்தால் லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம். அந்த முடிவு டிக்ரிக்குச் சமம், அப்பீலும் இல்லை.

நம் நேயர்களில் அரசியல் ஊழியர் பலர். பணத் தகராறென்றால் ஜனங்கள் முதலில் தேடுவது இவர்களையே. நாலு பேரை அனுப்பிப் பணம் பிடுங்கித் தருவது தேசத்தொண்டு அன்று. கைமாற்றுக் கொடுத்த தேதி எதுவென்று முதலில் கேட்டு, வந்தவரை அன்றே அந்த ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வார்களாக.