சான்றிதழில் சிக்கும் தம்பதியர்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை மணந்து கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் பலரின் விண்ணப்பம், வாஷிங்டனில் அல்ல, நம் ஊர்ச் சான்றிதழ்களில்தான் சிக்கிக்கொள்கிறது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. பள்ளிச் சான்றிதழில் ‘எஸ்’ என்றிருக்கும் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் சுமை, பிரிந்து வாழும் தம்பதியின் தலையில் விழுகிறது.

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் எல்லாத் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். விசா பேச்சு எழுந்த பிறகே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுவோர் இன்றும் உண்டு. அழைப்பிதழும் கல்யாண ஆல்பமும் துணைச் சான்றுகளே. பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகா. தமிழ் ஆவணங்களுக்கு, மொழிபெயர்த்தவர் உறுதியளித்துக் கையொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் குடியேறுவோருக்குக் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை அட்டைதான். எனவே, நிபந்தனையை நீக்கும்போது மணவாழ்க்கை உண்மையானது என்று காட்ட, கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை அங்கு போன பிறகும் பத்திரப்படுத்த வேண்டும்.

திருமணப் பதிவின்போதே மணமக்களின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பதியுமாறு சார்பதிவாளர்களுக்குத் தமிழக அரசு உத்தரவிட வேண்டும்.