பிறன் என்பவன் யார்?

"கிறிஸ்தவம் அன்பு மார்க்கம், இஸ்லாம் வெறும் சட்ட மார்க்கம்" என்னும் வாய்ப்பாட்டை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். நம் பிள்ளைகளும் எங்கோ கேட்டு வந்து, "அப்படித்தானா?" என்று நம்மிடம் வினவுகிறார்கள். வசைபாடுவது விடையாகாது. அவர்களுடைய வேதத்தையே விரித்துப் பார்ப்போம்.

கட்டளைகளில் தலையாயது எது என்று வேதபாரகர் ஒருவர் ஈஸா நபி (அலை) அவர்களிடம் கேட்டதாக மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. விடை எதில் தொடங்குகிறது? இறைவன் ஒருவனே என்னும் பிரகடனத்தில்! அவனை முழு உள்ளத்தோடும் நேசிப்பதும், பிறனைத் தன்னைப்போல் நேசிப்பதும் அதன் பின்னரே வருகின்றன. முதல் கட்டளை உபாகமத்தில் உள்ளது. அடுத்தது லேவியராகமத்தில் உள்ளது. இரண்டும் மூஸா நபி (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் சட்ட நூல்கள். ஆக, அன்பைக் கட்டளையாக்கியதே சட்டந்தான். சட்டத்தை இகழ்ந்து அன்பைப் புகழ்வோர், நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுகிறார்கள்.

இதே நிகழ்ச்சியை மத்தேயுவும் (22) உரைக்கிறார். ஏகத்துவப் பிரகடனத்தை அங்கே காணோம். லூக்காவிலும் (10) காணோம். அங்கே இரு கட்டளைகளையும் எடுத்துரைப்பவர், கேள்வி கேட்ட நியாயசாஸ்திரியே. பவுலோ, ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில், நியாயப்பிரமாணம் முழுவதும் பிறனை நேசிப்பதிலேயே நிறைவேறிவிடுகிறது என்கிறார். இறைநேசத்தை அவர் மறுத்தார் என்று நாம் பழி சுமத்தவில்லை. ஆனால், ஈஸா நபி முதலாவதாக வைத்ததை விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் எடுத்துச் சட்டம் முழுமை பெற்றது என்பது எப்படி?

சரி, அந்தப் 'பிறன்' யார்? அதிலாவது ஒருமை உண்டா? லேவியராகமம் 19ஆம் அதிகாரம் முதலில் சொந்த ஜனத்தாரைச் சொல்லி, பின்னர் நாட்டில் தங்கும் அந்நியனையும் சேர்க்கிறது. லூக்கா வரம்பையே உடைத்துவிடுகிறார்: எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிச் செல்ல, யூதர் வெறுத்த சமாரியனே காயம் கட்டி, சத்திரக்காரனிடம் 2 தெனாரியமும் கொடுக்கிறான். யோவான் சுவிசேஷத்தின் 'புதிய கட்டளை'யோ, சீடர்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் பற்றியது. கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத இறைவனை நேசிக்க இயலாது என்கிறது யோவானின் முதல் நிருபம். அருமையான கருத்து! ஆனால் அவர் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம், மாறான உபதேசத்தோடு வருபவனை வீட்டில் ஏற்காதே, வாழ்த்தும் கூறாதே என்கிறது.

அது கள்ளப் போதகரைக் குறித்தது என்பார்கள். இருக்கட்டும். யூதர் கண்ணுக்குச் சமாரியனும் மாறான உபதேசக்காரன்தானே! அந்த வீட்டுக் கதவை அவன் தட்டினால் திறக்குமா, திறக்காதா?

2007 அக்டோபர் 13 அன்று 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்குப் பகிரங்க மடல் ஒன்று விடுத்தார்கள். இறைநேசம், பிறர்நேசம் என்னும் இவ்விரண்டையே பொதுவான அடித்தளமாக வைத்தார்கள். மாற்கு கூறும் ஏகத்துவப் பிரகடனத்தையும் விடாமல் சுட்டினார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ அறிஞர் பலர் கையொப்பமிட்டு நல்விடை அளித்தனர். சச்சரவின்றியும் உண்மை பேசலாம் என்பதற்கு இதுவே சான்று.

திருக்குர்ஆனின் 4:36 வசனம், அல்லாஹ்வுக்கு இணைவைக்காது வணங்குவதை முதலிலும், பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், நெருங்கிய அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார் ஆகியோருக்கு நன்மை செய்வதை அடுத்தும் வைக்கிறது. மாற்கு காட்டும் வரிசையும் இதுவே! ஆகவே சட்டமா, அன்பா என்ற வழக்கே பொய் வழக்கு.

ஒன்றை நமக்கும் சொல்லிக்கொள்வோம். அந்நியரான அண்டை வீட்டாரும் நம் வேதத்தில் இருக்கிறார். நம் நோன்புக் கஞ்சி அடுத்த வீட்டுக் கிறிஸ்தவரின் வாசலை எட்டவில்லையெனில், அவருடைய சுவிசேஷங்களை ஒப்பிட்டுக் குறை காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது?