அந்தக் கயிறை அவன் கையில கட்டிவிட்டது யாரு?

"இந்தக் காலத்துப் பசங்க கெட்டுக் குட்டிச்சுவராப் போயிட்டாங்க"ன்னு ஃபார்வர்டு பண்ற அண்ணன்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் ஒரு கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில ரெண்டு கலர்ல கயிறு கட்டியிருக்கான். அந்தக் கலரை அவன் எங்க கத்துக்கிட்டான்? சமச்சீர் புத்தகத்துலயா?

ஊர் முக்குல நீங்க நட்ட கொடிக்கம்பத்துல கத்துக்கிட்டான். பாலத்துச் சுவர்லயும் கரண்ட் கம்பத்துலயும் ராத்திரியோட ராத்திரியா அடிச்ச பெயிண்ட்ல கத்துக்கிட்டான். கல்யாண ஃப்ளெக்ஸ்ல, காதுகுத்து ஃப்ளெக்ஸ்ல கத்துக்கிட்டான். எந்தக் கலர் எந்தச் சாதிக்குன்னு இங்க எழுத மாட்டேன். தெரியாத பசங்க ரெண்டு பேர் மிச்சம் இருந்தா அவங்களாவது அப்படியே இருக்கட்டும்.

நண்பர்களே, பள்ளி மாணவர்களுக்கு என்ன நெருக்கடின்னு கேட்டா உடனே பப்ளிக் எக்ஸாம், நீட், செல்போன்னு ஆரம்பிச்சிடுறோம். அதெல்லாம் உண்மைதான், அதைப் பத்தி நிறைய பேசியாச்சு. ஆனா திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போற பையனுக்கு மார்க்குக்கு முன்னாடியே வேற ஒரு பரீட்சை இருக்கு. பஸ்ல எந்த சீட்ல யார் பக்கத்துல உட்காருற? மத்தியானம் யார் கூட சாப்பிடுற? கபடி டீம்ல யார் பக்கம்? கயிறு கட்டலன்னா "நீ நம்ம பயதானடா, ஏன் கட்டல?"ன்னு சொந்த ஆளுங்களே மிரட்டுவாங்க. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன் கட்டினா திமிரு, கட்டலன்னா இளக்காரம். பொண்ணுங்க கதை இன்னும் மோசம். வேற தெருப் பையன்கிட்ட நோட்டு வாங்கினான்னு வீட்டுக்குச் செய்தி போனா, மறுநாள் படிப்பே நின்னாலும் நிக்கும்.

இதெல்லாம் மிகைன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்க.

2022 ஏப்ரல். திருநெல்வேலி மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளி. கையில கட்டின கயிறை வெச்சு மாணவர்களுக்குள்ள தகராறு. அடிபட்ட பிளஸ் டூ மாணவன் ஆஸ்பத்திரியில இறந்துட்டான்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. கூடப் படிக்கிற பசங்க கொடுத்த தொல்லையில பிளஸ் டூ படிக்கிற பட்டியலினப் பையன் பள்ளிக்குப் போறதையே நிறுத்தினான். ஏன் வரலன்னு பள்ளியில கேட்டாங்க, நடந்ததைச் சொன்னான், புகார் ஆச்சு. அன்னைக்கு ராத்திரியே அரிவாளோட வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பையன் அடுத்த வருஷம் பரீட்சை எழுதி 600க்கு 469 எடுத்தான். எல்லாரும் பாராட்டினோம், சரிதான். ஆனா ஒரு பையன் பாடம் படிக்கிறதுக்கு முன்னாடி உயிர் பிழைச்சு வர வேண்டிய ஊரா இது?

2025 மார்ச். ஸ்ரீவைகுண்டம் பக்கம். பரீட்சை எழுத பஸ்ல போயிட்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை பஸ்ஸை நிறுத்தி வெட்டினாங்க. கை விரல்கள் துண்டாச்சு. கபடியில ஜெயிச்சதுதான் காரணம்னு அவங்க குடும்பம் சொன்னாங்க. கபடிங்க! ஜெயிச்சவனுக்குக் கை கொடுக்கச் சொல்லித் தர்ற விளையாட்டு.

வெட்டினவனுக்கும் பதினேழு வயசு, வெட்டு வாங்கினவனுக்கும் பதினேழு வயசு. ஒருத்தன் ஆஸ்பத்திரியில, இன்னொருத்தன் கூர்நோக்கு இல்லத்துல. கொடிக்கம்பம் நட்டவர் பையன் எங்க இருக்கான்? கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ நல்ல காலேஜ்ல இருப்பான். இல்லன்னா வெளிநாட்டுக்கு விசா போட்டிருப்பான். அவன் கையில ஸ்மார்ட் வாட்ச் இருக்கும், கயிறு இருக்காது. நீங்களே உங்க ஊர்ல எண்ணிப் பாருங்க.

அடுத்தது ரீல்ஸ். நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால இதைச் சொல்லியே ஆகணும். பதினாலு வயசுப் பையன் சாதிப் பெருமைப் பாட்டு வெச்ச வீடியோ ஒண்ணை முழுசாப் பார்த்தா போதும். ரெண்டாவது தடவை பார்த்தான்னா இன்னும் சந்தோஷம். அடுத்து அதே மாதிரி பத்து வரும். முதல்ல பாட்டு, அப்புறம் "எங்க வரலாறு", அப்புறம் அரிவாளால கேக் வெட்டுற பிறந்தநாள், கடைசியில எதிர்த் தெருவைத் திட்டுற வீடியோ. இது சதி இல்ல, எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோம்கிறதை எண்ணுற ஒரு நிரல். அதுக்குச் சாதி தெரியாது, நேரம்தான் தெரியும். ஆனா அந்த வீடியோவுக்கு எடிட் பண்ணிக் கொடுக்கிறவனுக்குச் சாதி தெரியும், லைக் போடுற முப்பது வயசு ஆளுக்கும் தெரியும். அந்த லைக் போட்டவங்க லிஸ்ட்ல நம்ம கட்சிக் கொடியை புரொஃபைல் படமா வெச்சவங்களும் இருக்காங்க. இல்லன்னு சொல்லாதீங்க. கமெண்ட் பாக்ஸ் பார்க்கிறதுதான் ஐடி விங்ல எனக்கு வேலை.

கயிறை எடுங்கன்னு சொன்னா உடனே ஒரு கூட்டம் வரும்: "இந்துக்களோட நம்பிக்கையில கை வைக்கிறாங்க!" 2019 ஆகஸ்ட்ல பள்ளிக்கல்வித் துறை சாதிக் கயிறுக்கு எதிரா சுற்றறிக்கை விட்டப்பவும் இதே கூச்சல்தான். துறை அமைச்சரே அது தன் கவனத்துக்கு வராம போனதுன்னு ஒதுங்கிட்டார். சரி, சாமிக் கயிறுன்னே வெச்சுக்குவோம். ஒரே அம்மன் கோயில்ல, ஒரே திருவிழாவுல கும்பிட்டு வர்ற ரெண்டு தெருப் பசங்க கையில ஏன் ரெண்டு வேற கலர்? சாமி தெரு பார்த்தா கலர் கொடுக்குது? எங்க அம்மா எனக்குக் கட்டினது கறுப்புக் கயிறு. அதைப் பார்த்து யாரும் என்னை "நீ எந்த ஆளு?"ன்னு கேட்டதில்ல. (அந்தக் கேள்வி காலேஜ் ஹாஸ்டல்ல வந்துச்சு. "எந்த ஊரு?" "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு ரெண்டு தவணையா.)

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க. 2024 ஜூன்ல 600 பக்கத்துக்கு மேல அறிக்கை வந்துச்சு. கயிறு, மோதிரம், சாதியைக் காட்டுற கலர் அடிச்ச சைக்கிள் எதுவும் பள்ளிக்குள்ள வரக்கூடாது. வருகைப் பதிவேட்டுல சாதி இருக்கக் கூடாது. வகுப்புல அகர வரிசையில உட்கார வைக்கணும். ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாத்தணும். பள்ளிப் பெயர்ல இருக்கிற சாதியை எடுக்கணும். இதுல அகர வரிசைக்கெல்லாம் பட்ஜெட்டே வேண்டாம். நாளைக்குக் காலையில முதல் பீரியட்லயே பண்ணலாம். அப்படியும் சண்டை போட்டது எதுக்கு? திலகத்துக்கு. மத்த பக்கங்களை எத்தனை பேர் புரட்டினாங்க?

ஆட்சியில யார் இருந்தாலும் நம்ம கோரிக்கை இதுதான்: அந்தப் பரிந்துரைகள்ல எது எந்த மாவட்டத்துல, எத்தனை பள்ளியில நடக்குதுன்னு பட்டியல் வெளியிடுங்க. ஆசிரியர் இடமாறுதலையும் அதுல சேருங்க. பையன் கயிறைக் கழட்டச் சொல்ற வாத்தியாரே சாதிச் சங்க வாட்ஸ்அப் குரூப்ல அட்மினா இருந்தா, அவர் பேச்சை எந்தப் பையன் கேப்பான்?

நமக்கும் வேலை இருக்கு. ஒன்றிய, கிளை அளவுல இருக்கிற தோழர்கள் இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில இருக்கிற கரண்ட் கம்பம், பாலம், பஸ் ஸ்டாப்பைப் போட்டோ எடுங்க. சாதிக் கலர் இருந்தா ஊராட்சியிலயும் மின்வாரியத்துலயும் எழுத்துல மனு கொடுத்து, ரசீது வாங்கி, அதை இங்க கமெண்ட்ல போடுங்க. அந்தக் கலரை அடிச்சது நம்ம கட்சிக்காரரா இருந்தா பெயரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மாவட்டப் பொறுப்பாளருக்கு நாங்க கொண்டு போறோம்.