பெட்டைக் குட்டியும் பாவ புண்ணியமும்

நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாமா, செய்விப்பதாயின் எவ்வயதில் என்னும் வினா, தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரில் ஆராயப்படுதற்குரியதா எனச் சிலர் நகைக்கக்கூடும். காப்பியங்களும் கல்வெட்டுகளும் பேசப்படும் பக்கங்களில் தெருநாய்க்கு என்ன வேலை என அவர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். ஜீவகாருண்யம் என்ற சொல்லை நாம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் தாராளமாக வழங்கி வருகின்றோம். நம் வீட்டுப் படலைக்கு வெளியே அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சோதித்தறிய, புங்குடுதீவு இறுப்பிட்டியிற் பிறக்கும் ஒரு பெட்டை நாய்க்குட்டியின் கதியைக் காட்டிலும் பொருத்தமான உரைகல் வேறில்லை.

எமது ஊரில் வளர்ப்பு நாயொன்று ஈன்றால் நிகழ்வது யாது? கடுவன் குட்டிகளை, அவை கண் திறக்குமுன்னரே அயலவர் சொல்லிவைத்துவிடுவர். பெட்டைக் குட்டிகளைக் கேட்பாரில்லை. பால்குடி மறவாத அக்குட்டிகள் உரப்பையொன்றில் இடப்பட்டுச் சந்தையடியிலோ, கோயில் வீதியிலோ, ஆளற்ற வளவொன்றிலோ, கடற்கரையிலோ விடப்படும். விட்டவர் தம்மைக் கொலைஞர் எனக் கருதுவதில்லை. ‘ஆராவது எடுத்து வளர்ப்பினம்’ என்பது அவர் தம் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். தாய்நாய்க்குக் கருத்தடை செய்வித்திருக்கலாமே என்றால், ‘வாயில்லாச் சீவனுக்கு அந்தப் பாவத்தைச் செய்யக்கூடாது’ என்பார். அந்தப் பாவம் எது என்பதையே இக்கட்டுரை கேட்கின்றது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நாயின் பிறப்பைக் கட்டுப்படுத்துவதா இல்லையா என்ற கேள்வி நம்முன் இல்லை. நாம் ஏற்கெனவே கட்டுப்படுத்தியே வருகின்றோம். உரப்பையும் பசியும் லொறிச் சக்கரமும் நமது கருத்தடைச் சாதனங்களாக இருந்து வருகின்றன. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து அவதானித்து 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஐந்திலொரு பங்குக்கும் குறைவான குட்டிகளே இனப்பெருக்க வயதை எட்டின எனவும், மடிந்தவற்றுட் பெரும்பாலானவற்றின் இறப்பில் மனிதரின் பங்கு இருந்தது எனவும் காட்டிற்று. ஆகவே நம்முன் உள்ள தெரிவு பிறப்பதற்கு முன் தடுப்பதா, பிறந்தபின் சாகவிடுவதா என்பதே. முன்னதைப் பாவமென்றும் பின்னதை விதியென்றும் பெயரிட்டு வாழ்வது அறமன்று; அது கணக்கை மறைக்கும் தந்திரம்.

‘பாவம்’ என்போர் தம் சொந்த வரலாற்றையும் மறந்துவிட்டனர். வண்டி இழுக்கவும் ஏர் பூட்டவும் வேண்டிக் காளைக்கு நலமடிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆட்டுக் கிடாய்க்கும் அதைச் செய்தனர். மயக்க மருந்தின்றி, கட்டிப் போட்டு, கதறக் கதறச் செய்தனர். அதனைப் பாவமென எவரும் ஊர் கூட்டிப் பேசியதில்லை. ஏனெனில் அதில் உழவனுக்கு ஆதாயம் இருந்தது. மயக்க மருந்தளித்து, பயிற்சி பெற்ற வைத்தியரொருவர் செய்யும் சிகிச்சை, நன்மை நாய்க்கே உரியதாகும்போது மட்டும் திடீரெனப் பாவமாகிவிடுகின்றது! வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, அவர் வாகனத்தின் குட்டியை அதே கோயில் வீதியில் விட்டு வருவோரின் பாவ புண்ணியக் கணக்கை எந்த ஆகமத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வது?

‘இயற்கைக்கு மாறு’ என்பது மற்றொரு வாதம். ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறையே பருவத்துக்கு வருவது. மனிதனோடு வாழ வந்த நாயோ பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகின்றது. சுமார் அறுபத்து மூன்று நாட்களில் ஈனுகின்றது. அதாவது நாம் ‘இயற்கை’ எனப் போற்றும் அம் மிகுபெருக்கமே மனிதனது உறைவிடத்தில், மனிதனது எச்சிற்சோற்றில் விளைந்தது. தான் உண்டாக்கிய பெருக்கத்துக்குத் தானே பொறுப்பேற்பது இயற்கைக்கு மாறாயின், வேலியும் கிணறும் இயற்கைக்கு மாறானவையே.

புலம்பெயர்ந்து நோர்வேயில் வாழும் எம்மூரவர் சிலர் கூறும் நியாயம் சற்று வலுவானது. ‘அங்கே ஆரோக்கியமான நாய்க்குக் காரணமின்றி இச்சிகிச்சை செய்யச் சட்டம் இடமளிப்பதில்லை; ஆயினும் தெருநாயே இல்லை; பிறகேன் இங்கு?’ என்பர். உண்மையே. ஆனால் அந்நாட்டில் நாயின் கழுத்துப்பட்டியின் மறுமுனை எப்பொழுதும் ஒருவரின் கையில் இருக்கின்றது. பருவத்துக்கு வந்த பெட்டையை மூன்று வாரம் கண்காணிப்பில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. இங்கோ நாய் படலையைத் திறக்கவும் காத்திராது வேலிப் பொட்டினூடே ஊர் சுற்றி வருகின்றது. நோர்வேக்காரரின் பொறுப்பை ஏற்காது அவர்தம் விலக்கை மாத்திரம் இறக்குமதி செய்ய முடியாது. நாயை முழுநேரமும் கண்காணிப்பில் வைத்திருக்க வல்லவர் சிகிச்சையைத் தவிர்க்கலாம். வல்லமையில்லாதவர்க்கு அவ்வுரிமை இல்லை.

இவ்விடத்தில் எமது தரப்பினரையும் கண்டிக்க வேண்டும். ஒரு சோடி நாயிலிருந்து ஆறாண்டுகளில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நாய்கள் தோன்றும் எனத் துண்டுப்பிரசுரம் அச்சிடுவோர் உளர். அது வெறும் வாய்ப்பாட்டுக் கணக்கு. பிறந்த குட்டிகள் யாவும் பிழைத்துப் பெருகும் தீவு எதுவும் இவ்வுலகில் இல்லை. இருந்திருப்பின் புங்குடுதீவில் மனிதர் நிற்க இடமிராது. அவ்வாறே கருத்தடை செய்தால் நாய் கடிக்காது, விசர்நாய்க்கடி நோய் ஒழியும் என்பதும் அரைகுறை உண்மை. இலங்கையில் 1973 இல் அந்நோயால் 377 பேர் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இச்சாதனையின் பெரும்பகுதி 1975 இல் தொடங்கிய நாய்த் தடுப்பூசித் திட்டத்துக்கும், கடியுண்டோர்க்கு அரச மருத்துவமனைகள் இலவசமாக அளித்த தடுப்பு மருந்துக்கும் உரியது. கருத்தடை அதற்குத் துணை, மாற்று அன்று. தடுப்பூசி பெற்ற நாய்கள் நீண்ட காலம் வாழ்ந்து, தடுப்பூசி பெறாத குட்டிகள் புதிதாக வந்து சேராதிருந்தாலே காப்பு நிலைக்கும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு.

இனி ‘எப்பொழுது’ என்னும் வினா. ‘ஒருமுறையாவது குட்டி போடட்டும், அப்பத்தான் சுகமாய் இருக்கும்’ என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. மாறாக, கருத்தடை செய்யப்படாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் கொடிய நோய் வரக்கூடும். சுவீடனிற் செய்யப்பட்ட ஆய்வொன்றின்படி பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெட்டைகளுக்கு அது வந்தது. முதற் பருவத்துக்கு முன் சிகிச்சை செய்தால் முலைக் கட்டிகள் மிக அரிதாகும் என 1969 இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. அதன் சான்று அத்துணை உறுதியானதன்று எனப் பிற்கால மீளாய்வு கூறுகின்றமையும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியதே. மறுபுறம், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2013 இலும் 2020 இலும் வெளியிட்ட ஆய்வுகள், பேருடல் கொண்ட சில இனங்களில் ஓராண்டுக்கு முன் செய்யப்படும் சிகிச்சை மூட்டு நோய்களை மிகுவிக்கக்கூடும் எனவும், சிற்றுடல் இனங்களில் அத்தகைய தீங்கு காணப்படவில்லை எனவும் காட்டுகின்றன. சில பெட்டைகளுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் கட்டுப்படாமற் போவதும் உண்டு.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? நகரத்து மதிலுக்குள் வாழும் அல்சேசனின் உரிமையாளர் நாய் முழு வளர்ச்சி பெறும்வரை பொறுத்திருக்கலாம்; அதற்கு அவரிடம் மதில் உண்டு. கிடுகு வேலிக்குள் வளரும் எமது ஊர் நாயோ சிற்றுடலோ நடுத்தர உடலோ உடையது. ஆறாம் மாதம் முதலே பருவத்துக்கு வரக்கூடியது. அதற்கு முதற் பருவத்துக்கு முன், ஐந்து ஆறு மாத அளவிற் சிகிச்சை செய்விப்பதே தக்கது. பருவத்தில் இருக்கும்போது இரத்தப்போக்கு மிகுமாதலால் அக்காலத்தைத் தவிர்த்து இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் செய்விக்க வேண்டும். கருத்தடை ஊசி எளிது என அதனை நாடுவோர், அவ்வூசி மருந்தே கருப்பையிற் சீழ் கட்டுவதற்கு ஏதுவாகலாம் என்பதை அறிதல் வேண்டும்.

‘கடுவனுக்கு எதற்கு?’ என்ற கேள்வியிலேயே நம் சமுதாயத்தின் முழு முகமும் தெரிகின்றது. கருவுறுவதும் பெட்டையின் குற்றம். அதற்காகக் கைவிடப்படுவதும் பெட்டை. மனிதரிடையே பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுளித்த மனப்பாங்கு நாயிடத்தும் மாறவில்லை. கடுவனுக்குச் செய்யும் சிகிச்சை எளிது, விரைவிலும் முடிவது. அலைந்து திரிதலும் பெட்டைக்காகப் போரிடுதலும் அதனாற் குறையும். ஆயினும் ஒரு கடுவன் எஞ்சினும் பல பெட்டைகள் கருவுறுமாதலால் பயன் கருதி முதலிடம் பெட்டைக்கே உரியது. முதலிடம் என்பது முழுப்பழி என்று பொருள்படாது.

அரசின் வரலாறும் பெருமைக்குரியதன்று. 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் குடியேற்ற ஆட்சியினர் விட்டுச் சென்றவை. நூறாண்டுக்கு மேலாகத் தெருநாயைப் பிடித்துக் கொல்வதே கொள்கையாயிருந்தது. 2006 இல் அக்கொலை நிறுத்தப்பட்டது. சென்னையிலும் இவ்வாறே: 1964 இல் புளூ கிராஸ் அமைப்பினர் கருத்தடை முறையை முன்வைத்தபோதும், மாநகராட்சி கொலையைக் கைவிட 1996 வரை சென்றது. கொல்லும் காலத்திலும் நாய்த்தொகை குறைந்ததில்லை. வெறுமையான தெருவைப் புதிய நாய் நிரப்பிற்று. ஆனால் கொலையை நிறுத்தினால் மட்டும் போதுமா? கொல்லாமையை ஆணையால் அறிவித்துவிட்டு, கருத்தடைக்கு வைத்தியரையும் வாகனத்தையும் தராத அரசு, கொலையைப் பசியிடம் ஒப்படைத்த அரசே.

இறுப்பிட்டியிலிருந்து ஒரு நாயைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல விரும்பும் ஏழைத் தாயின் நிலையை எண்ணுக. பேருந்தில் நாயை ஏற்றார். முச்சக்கரவண்டிக் கூலி அவளது சில நாட் கூலிக்குச் சமம். நயினாதீவினருக்கும் நெடுந்தீவினருக்கும் இடையே கடலும் உண்டு. ஆகவே ‘எமது மக்களுக்கு அறிவில்லை’ எனப் பட்டணத்திலிருந்து பழிப்பது அநீதி. உரப்பையைக் கையிலெடுப்போர் பலர் வேறு வழி காட்டப்படாதவர். வழியிருந்தும் மறுப்போரையே இக்கட்டுரை சாடுகின்றது.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை யாவை? ஒன்று: வேலணைப் பிரதேசத்திலும் ஏனைய தீவுகளிலும் ஆண்டுக்கு இருமுறை, முன்னறிவிக்கப்பட்ட நாட்களில் நடமாடும் கருத்தடை முகாம் நடத்தப்படல் வேண்டும், தடுப்பூசியும் பதிவும் அதே மேசையில் நிகழ்தல் வேண்டும். இரண்டு: புலம்பெயர்ந்தோர் கும்பாபிஷேகத்துக்கு அளிக்கும் பெருந்தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குதல் வேண்டும்; திருவிழாவுக்கு வந்து கோயில் வீதி நாய்க்குச் சோறிட்டுப் புகைப்படம் எடுத்து, பத்தாம் நாள் விமானமேறுவது அன்பின் பாதியே. 1991 ஆம் ஆண்டின் இடப்பெயர்வின்பின் பாழடைந்த அவர்தம் வளவுகளிலேதான் இந்நாய்கள் ஈனுகின்றன. மூன்று: பேராதனையில் கால்நடை மருத்துவ பீடமும் கலைப்பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அவர்கள் கத்தியை எடுக்கட்டும். நாம் மொழியை எடுப்போம். முகாமுக்கு மக்களை அழைக்கும் எளிய தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம், நூறு திறனாய்வுக் கட்டுரைகளுக்கு ஈடாகாவிடினும், ஒரு கட்டுரைக்கேனும் ஈடாகும்.

‘கருத்தடை’ என்ற சொல்லை ஐயத்தோடு நோக்க மக்களுக்குக் காரணங்கள் உண்டு. 1975 முதல் 1977 வரை இந்தியாவில் நிலவிய அவசரகால நிலையில் ஏழை மனிதர்மேல் அது பலாத்காரமாகத் திணிக்கப்பட்டது. மனிதனின் உடல் மனிதனுடையது. அதனை ஆள எவ்வரசுக்கும் உரிமையில்லை. நாயோ தன் பொருட்டுத் தானே முடிவெடுக்க இயலாதது. அதற்காக எவரேனும் முடிவெடுத்தே ஆக வேண்டும். முடிவெடுக்காதிருத்தலும் ஒரு முடிவே. அதன் விலையை முடிவெடுக்காதவர் செலுத்துவதில்லை. உரப்பைக்குள் இருக்கும் குட்டியே செலுத்துகின்றது. ஆதலால் நாய் வளர்ப்போர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றே: அடுத்த ஈற்றில் ஆறு பெட்டைக் குட்டிகள் பிறந்தால், அவ்வாறையும் சாகும்வரை வளர்க்க நான் ஆயத்தமா? ஆயத்தம் என்போர் வளர்க்கட்டும். அல்லர் எனின், முதற் பருவம் வருமுன் வைத்தியரை நாடட்டும்.