கல் நடும் முன் 'அ' பதிவேட்டைத் திற!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போனாலும் திண்டிவனத்துக்குப் போனாலும், சாலையோர வயல்களில் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. கம்பு விளைந்த இடத்தில் மஞ்சள் அடித்த கல். 'டி.டி.சி.பி. அப்ரூவல் பெற்ற மனைகள், வங்கிக் கடன் வசதி உண்டு' என்று தட்டி. அப்ரூவல் உண்டு, கடன் உண்டு, தார்ச்சாலை உண்டு. இந்த நிலம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்விதான் இல்லை.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். கூலியும் குடிசையும் ஆண்டையின் கையில் இருக்கும்வரை இந்த மக்கள் நிமிர முடியாது, நிலம் கொடுங்கள் என்பதே அதன் சாரம். 30.9.1892-ல் அரசாணை 1010 வந்தது. அதன் வழியே ஒப்படைக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். தமிழகம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பேசப்படுகிறது. நிபந்தனை தெளிவானது: முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே. மீறினால் அரசு நிலத்தை மீட்கலாம். இந்த நிபந்தனை செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்த நிலம் எப்படி மனையாகிறது?

இரண்டு படிகளில். முதல் படி, 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில அளவை. கடனுக்கு ஈடாகவோ, கல்யாணச் செலவுக்கு வாங்கிய சில நூறு ரூபாய்க்காகவோ, மிரட்டலுக்குப் பயந்தோ கைமாறிய நிலங்கள் அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டாவாகின. டி.சி. நிலம் என்ற குறிப்பு பல இடங்களில் காணாமல் போனது.

இரண்டாவது படி, நிலப் பயன்பாட்டு மாற்றம். முழுமைத் திட்டம் உள்ள நகரப் பகுதி என்றால் மண்டலத்தை மாற்ற வேண்டும். திட்டம் இல்லாத கிராமம் என்றால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும். நஞ்சை என்றால் ஆட்சியரின் இசைவும் வேண்டும். சாலை எத்தனை அடி, தண்ணீர் எங்கே வடியும், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்றெல்லாம் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் நிற்பது இன்றைய பட்டாவின் மேல். திருத்தி எழுதப்பட்ட ஒரு பட்டாவைச் சட்டப்படியான சொத்தாக வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடமாக அனுமதி முத்திரை ஆகிவிடுகிறது.

ஏக்கர் கணக்கில் கிடந்த நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறும் நாளில்தான் விலை எகிறுகிறது. அந்த நாளில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே லாபம். ஆகவே மன்றக் கூட்டத்தில் அரை நிமிடத்தில் நிறைவேறும் அந்தத் தீர்மானம் வெறும் அலுவல் அல்ல. சேரியின் சொத்து ஊரின் கணக்கில் வரவு வைக்கப்படும் இடம் அது.

எங்கள் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியதாக அவனே கல்லில் பொறித்து வைத்தான். அந்தக் கல்லைக் காக்கச் சட்டம் உண்டு: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்டலாம். நல்ல சட்டம். ஏழாம் நூற்றாண்டின் பாறைக்கு எல்லை அளந்து காக்கத் தெரிந்த அரசுக்கு, 1892-ல் தானே எழுதிக் கொடுத்த நிலத்தின் எல்லை மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

'உங்கள் ஆட்கள்தானே விற்றார்கள்' என்பார்கள். அப்படி விற்க வைக்கப்படுவார்கள் என்று தெரிந்துதான் நிபந்தனையே போடப்பட்டது. 'வளர்ச்சியைத் தடுக்கிறீர்கள்' என்பார்கள். இல்லை. அதே நிலம் எங்களிடம் இருந்திருந்தால் நாங்களும் மனை போட்டிருப்போம், கடை கட்டியிருப்போம். எங்கள் கையை விட்டுப் போன பிறகுதான் நிலம் வளர வேண்டும் என்பது என்ன வளர்ச்சி? தவணையில் அரை கிரவுண்டு வாங்கிய ஏழைமீது எங்களுக்குக் கோபம் இல்லை. விற்றவரும் முத்திரை குத்தியவரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

பஞ்சமி நிலம் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை போராட்டத்தின் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது தரிசு நிலம் அல்ல, சலுகையும் அல்ல. அரசு கொடுத்த சொந்த நிலம்.

நாம் கேட்பதும் அதுவே. யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் இல்லாமல் எந்த நிலப் பயன்பாட்டு மாற்றக் கோப்பும் நகரக்கூடாது. டி.சி. என்று குறிப்பிருந்தால் கோப்பு அங்கேயே நிற்க வேண்டும், நிலத்தை மீட்கும் நடவடிக்கை தொடங்க வேண்டும். ஆட்சேபணை அறிவிப்பைச் செய்தித்தாளின் மூலையில் போட்டால் போதாது. காலனியில் தண்டோரா போடுங்கள், கிராம சபையில் சர்வே எண்ணோடு படியுங்கள்.

தோழர்களே, உங்கள் ஊரில் கொடி பறந்தால் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். டி.சி. நிலம் என்று தெரிந்தால் உள்ளாட்சிக்கும் டி.டி.சி.பி.க்கும் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக அனுபவிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்) பிரிவில் குற்றம் என்பதையும் அதில் எழுதுங்கள்.

கல் நட்ட பிறகு வழக்குப் போட்டால் தலைமுறை போய்விடும். நடும் முன் கேளுங்கள்.