அம்மாவின் சேமநிதியும் மகனின் விளையாட்டும்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லாயாங் லாயாங் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "சார்" என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக உழைத்துவரும் ஓர் அம்மையார் நின்றிருந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன்.

"சார், எனக்கு அம்பத்தஞ்சு வயசு முடிஞ்சிருச்சு. சேமநிதிக் காச எடுக்கலாமாம். பையன் அதுல முப்பதாயிரம் வெள்ளி கேக்குறான். கூட்டாளிங்க ரெண்டு பேரோட சேந்து வீடியோ கேம் செய்யப் போறானாம். கொடுக்கலாமா, கூடாதா? நீங்கதான் சொல்லணும்."

வீடியோ விளையாட்டில் காசைக் கரைக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் இதுவரை என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். விளையாட்டைச் செய்து பிழைக்கப் போகிறேன் என்று கிளம்பிய பிள்ளையைப் பற்றிக் கேட்டவர் இவர்தான் முதல். "அக்கா, எனக்கு ரெண்டு வாரம் தவணை கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வாரத்தில் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழக்கூடும் அல்லவா?

முதலில் நம்மவர் கதை ஒன்று. கனடாவின் டொரண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்றொரு சிறு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இதில் துப்பாக்கியும் இல்லை, கார் பந்தயமும் இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் அம்மா கொடுத்த கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை விளையாடுகிறவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும் என்பதுகூட அதில் ஒரு புதிர்! நம் வீட்டுப் பெண்கள் நொடியில் விடை சொல்லிவிடுவார்கள். இந்தச் சிறிய விளையாட்டு 2024 இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் தனித்துச் செயல்படும் விளையாட்டுப் படைப்பாளிகளுக்கான விழாவில் தலைமைப் பரிசும் அதற்கே கிடைத்தது.

ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு, இதில் பிழைப்பு ஏது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விருதைப் பார்க்கிற கண், கணக்கையும் பார்க்க வேண்டும்.

மூன்று பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் ஒரு விளையாட்டைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 3,000 வெள்ளி செலவென்றால், 36 மாதத்தில் 324,000 வெள்ளி ஆகிறது. விளையாட்டின் விலை 40 வெள்ளி. கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீம், பொதுவாக நூற்றுக்கு முப்பது பங்கை எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது 28 வெள்ளி. போட்ட முதலை எடுக்கவே ஏறக்குறைய 11,600 பேர் வாங்க வேண்டும். வரி தனி. விளம்பரம் தனி. வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வாங்கியவருக்கு வழியுண்டு. அதுவும் தனி.

பால் மரக் கன்றை நட்டுக் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதுவரை தோட்டத்துக்கு யார் செலவு செய்வது? இவர்களுக்கும் அதே கேள்விதான். வழிகள் சில உண்டு.

ஒன்று, வேறு வேலை செய்துகொண்டே இதைச் செய்வது. அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற இளைஞர் 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டைத் தனியொருவராக நாலரை ஆண்டு உழைத்துச் செய்தார். பகுதி நேரமாக ஓர் அரங்கத்தில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். வீட்டுச் செலவைப் பெரும்பாலும் அவருடைய துணைவியே தாங்கினார்.

இரண்டாவது, அரசு மானியம். நம் நாட்டில் எம்டெக் எனப்படும் மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம் இத்தகைய படைப்பாளிகளுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இதற்குத் திட்ட அறிக்கையும் செலவுக் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியீட்டு நிறுவனம் அல்லது பெரிய விளையாட்டு மேடை தரும் பணம். வெளியீட்டாளர் முன்பணம் கொடுப்பார். ஆனால் விற்பனையிலிருந்து அதை முதலில் கழித்துக்கொண்ட பிறகே படைத்தவருக்குப் பங்கு வரும். அந்தக் கால அட்டையாள் வாங்கிய முன்பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

நான்காவது, பொதுமக்களிடமே முன்கூட்டித் திரட்டுவது. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத் தளத்தில், "இப்படி ஒன்று செய்யப் போகிறோம், ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பார்கள். 2012 இல் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க நிறுவனம் நான்கு லட்சம் டாலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அப்படியும் பணம் போதாமல், விளையாட்டை இரண்டு பாகமாக உடைத்து 2014 இலும் 2015 இலும் வெளியிட்டார்கள். நம் மலேசிய நிறுவனமான மேக்னஸ் கேம்ஸும் 2017 இல் இதே முறையில் 'ரீலெஜெண்ட்' விளையாட்டுக்குக் கேட்டதைப் போல் பல மடங்கு திரட்டியது.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிதா? 1960 இல் தோட்டத் துண்டாடலால் நம்மவர் நடுத்தெருவில் நின்றபோது, துன் சம்பந்தன் லயம் லயமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டவில்லையா? அப்படிப் பிறந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கூட்டுறவில் பணம் போட்டவர் பங்குதாரர், இலாபத்தில் அவருக்கு உரிமை உண்டு. கிக்ஸ்டார்ட்டரில் போட்டவருக்கு விளையாட்டு கிடைக்கும், இலாபம் கிடைக்காது. அவர் கொடுப்பது நம்பிக்கையின் பேரில்.

அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பிரிட்டனைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் 2016 இல் 'நோ மேன்ஸ் ஸ்கை'யை வெளியிட்டபோது, சொன்னவற்றுள் பல அதில் இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் வாதாடவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது. விடுபட்டதையும் புதியதையும் ஆண்டுதோறும் இலவசமாகவே சேர்த்தது. ஏசியவர்களில் பலரே பின்னர் பாராட்டி எழுதினார்கள். பரோனும் 2016 இல் விற்ற விளையாட்டுக்கு 2024 வரை இலவசமாகப் புதுப்பகுதிகள் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவுக்குள் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன. ஒட்டுக்கடைக்காரர் தெரிந்த முகத்துக்கு ஒரு வடையைக் கூடுதலாக வைக்கிறாரே, அதே வழக்கம்தான். ஆனால் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. போட்ட முதல் திரும்பாமல் மூடிய சிறு நிறுவனங்கள் ஏராளம்.

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பையனையும் உட்கார வைத்துக் கேட்டேன். "தம்பி, செஞ்சத எங்கயாவது காட்டியிருக்கியா? எத்தனை பேர் வாங்குனா முதல் வரும்னு கணக்கு போட்டியா? நஷ்டமானா அம்மாவுக்கு யார் திருப்பிக் கொடுக்கிறது?"

முதல் கேள்விக்குக் கைக்கணினியைத் திறந்தான். ஓடுகிற ரயிலில் பலகாரம் விற்கும் ஒரு பாட்டியின் விளையாட்டு. பாதிதான் முடிந்திருந்தது. ஆனாலும் நன்றாகவே இருந்தது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா, சேமநிதியைத் தொடாதீங்க. அது உங்க முதுமைக்கு உள்ளது. தம்பி ஒரு வேலைக்குப் போகட்டும். ராத்திரியிலும் விடுமுறையிலும் இதைச் செய்யட்டும். ரெண்டு வருஷம் வீட்டு வாடகை கேக்காதீங்க, சாப்பாட்டுக் காசு கேக்காதீங்க. நீங்க போடுற முதல் அதுதான்."

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சோறு போடுறதுக்குக் கணக்கு ஏது சார்?" என்றார்.

பையனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன், அந்தச் சோற்றையும் அவன் கணக்கில் எழுதிவைக்க வேண்டும் என்று. இப்போது அவன் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பாட்டி இன்னும் ரயிலில் பலகாரம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். முடிந்ததும் முதலில் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். குறை சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.